இறுகிப்போன ஏர் ஸ்க்ரூவை உடைக்காமல் எடுப்பது எப்படி

கேரள மலையிலுள்ள வண்டன்மேட்டில் ஏலக்காய் ஸ்டோருக்குப் பின்னால் சில மழைக்காலங்கள் நின்றுபோன அப்பாவின் யமஹா ஆர்எக்ஸ் 100-ஐ நீங்கள் கீழே கம்பம் ஊருக்கு இறக்கிக்கொண்டு வந்திருக்கிறீர்கள். கிக் அடித்தால் ஸ்டார்ட் ஆகிறது, சோக் போட்டால் ஓடுகிறது, சோக்கை எடுத்தால் ஐடிலிங்கில் ஓடாமல் அணைகிறது. கம்பமெட்டு இறக்கத்தில் ஆக்சிலேட்டரை மூடினால் அணைந்துவிடுகிறது. மெக்கானிக் பார்த்துவிட்டு, “ஏர் ஸ்க்ரூ இறுகிப்போச்சு, காடியும் பாதி போச்சு, கார்ப்பை மாத்திடுங்க” என்கிறார். கார்ப் என்பது பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டர், ஏர் ஸ்க்ரூ அதில் ஐடிலிங் காற்றை அளந்து விடும் சிறு ஸ்க்ரூ, காடி அதன் தலையில் திருப்புளி வைக்கும் வெட்டு. அந்த ஸ்க்ரூவை எடுக்க முடியுமா, எடுத்தால் எதைப் போடுவது, இல்லை டூப்ளிகேட் கார்ப் ஒன்றை வாங்கிவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

எடுக்க முடியும், தம்பி. கம்பம் பக்கத்துக் கூடலூரில் என் பட்டறைக்கு இந்த நிலையில் வந்த கார்ப்புகளில் பெரும்பாலானவை டிரில் தொடாமலேயே கழன்று வந்திருக்கின்றன. அதற்கு மூன்று நான்கு நாள் பொறுமை வேண்டும். கார்ப் மாற்றும் யோசனையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1996-க்குப் பிறகு ஆர்எக்ஸ் 100 தயாராகவில்லை. அதனால் உங்கள் வண்டியோடு பிறந்த கார்ப் பாடி நல்ல நிலையில் இருந்தால் அது பொக்கிஷம். மலிவான டூப்ளிகேட்டுகளில் உள் ஓட்டைகளின் அளவே சரியாக இருப்பதில்லை. எத்தனை முறை திருப்பினாலும் ஐடிலிங் ஓரிடத்தில் நிற்காது. அசலில் ஒரு ஸ்க்ரூவோடு முடிகிற தலைவலி, டூப்ளிகேட்டில் தினமும் கூட வரும்.

முதலில் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இந்த நிமிடம் முதல் அந்தக் காடியில் திருப்புளி வைக்காதீர்கள். பாதி காடி இன்னும் மிச்சம் இருக்கிறது. அது உங்கள் சொத்து. இன்னொரு தடவை வழுக்கினால் அதுவும் போய்விடும்.

ஏன் இறுகியது என்று தெரிந்தால் எப்படி எடுப்பது என்பது தானாகவே புரியும். ஸ்க்ரூ பித்தளை. கார்ப் பாடி துத்தநாகக் கலவையிலோ அலுமினியக் கலவையிலோ வார்த்தது. இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டி இருக்கும் இடத்தில் ஈரம் புகுந்தால் அரிப்பு தொடங்கும். பித்தளை தப்பித்துக்கொள்ளும், பாடிதான் அரிக்கப்படும். அரித்த இடத்தில் வெள்ளையாகப் பூத்து நிற்கும். அந்த வெள்ளைப் பொடி, அரிபட்ட உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும். ஸ்க்ரூவின் திருகு வரிகளான மரைக்குள் அதற்குப் போக இடமில்லாததால் ஸ்க்ரூவை நாலா பக்கமும் கவ்விக்கொள்ளும். நம் பக்கம் சாரலோடு போய்விடுகிறது. வண்டன்மேட்டிலோ இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் மாதக்கணக்கில் ஈரம் காயாது. ஸ்டோருக்குள் நின்றாலும் அதே கதைதான்.

இப்போது வரும் பெட்ரோலும் இதில் சேர்ந்துகொள்கிறது. 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் விற்பனைக்கு வந்தது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஓடுகிற வண்டியில் பெட்ரோல் மாறிக்கொண்டே இருப்பதால் பெரிய பாதிப்பில்லை. நிற்கிற வண்டியில், இழுத்த தண்ணீர் அளவு மீறியதும் எத்தனாலோடு சேர்ந்து தனியாகப் பிரிந்து, கார்ப்பின் கீழே பெட்ரோல் தங்கும் கிண்ணமான பவுலின் அடியில் தங்கிவிடும். உங்கள் பவுலைக் கழற்றினால் அடியில் வெள்ளைப் பொடியோ பச்சைப் படிவமோ இருக்க வாய்ப்பு அதிகம். ஸ்க்ரூவின் மரையிலும் அதுதான் இருக்கிறது.

ஸ்க்ரூவைத் தொடுவதற்கு முன், ஐடிலிங்குக்குப் பெட்ரோல் விடும் சிறு ஓட்டையுள்ள ஸ்லோ ஜெட்டைப் பாருங்கள். ஐடிலிங் நிற்காமல் சோக்கில் மட்டும் ஓடும் வண்டியில் பாதிக் குற்றமாவது ஸ்லோ ஜெட்டின்மேல்தான் இருக்கும். அதன் ஓட்டை தலைமுடி போலச் சிறியது, காய்ந்த பெட்ரோலின் பிசின் அடைத்துக்கொள்ளும். பவுலைக் கழற்றி, ஜெட்டை எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். அடைத்திருந்தால் கார்ப் கிளீனர் அடித்து, காற்றடித்து, மெல்லிய செம்புக் கம்பியால் மெதுவாகச் சுத்தம் செய்யுங்கள். எஃகுக் கம்பி ஓட்டையைப் பெரிதாக்கிவிடும். ஜெட்டைச் சுத்தம் செய்ததும் ஐடிலிங் வந்துவிட்டது என்றால் ஏர் ஸ்க்ரூவை அவசரமில்லாமல் எடுக்கலாம். ஆனால் எடுக்காமலே விட்டுவிடாதீர்கள். அந்த ஸ்க்ரூவுக்குப் பின்னால் இருக்கும் காற்றுப் பாதையைச் சுத்தம் செய்ய வேறு வழி கிடையாது.

எந்த ஸ்க்ரூ என்பதில் குழம்புகிறவர்கள் உண்டு. பக்கவாட்டில் இரண்டு இருக்கும். ஆக்சிலேட்டரைத் திருகினால் மேலே ஏறும் ஸ்லைடுக்கு நேராக, பெரிதாக இருப்பது ஐடிலிங் ஸ்க்ரூ. அது ஸ்லைடைத் தூக்கிப் பிடிப்பதோடு சரி. ஏர் ஃபில்டர் பக்கம் தள்ளி, சிறியதாக இருப்பதுதான் ஏர் ஸ்க்ரூ. இதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: கலவை ஸ்க்ரூ ஸ்லைடுக்கும் ஏர் ஃபில்டருக்கும் நடுவில் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருகினால் பெட்ரோல் கூடும். ஸ்லைடுக்கும் இன்ஜினுக்கும் நடுவில் இருந்தால் அது பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும். பல ஃபோர் ஸ்ட்ரோக் வண்டிகளில் இரண்டாவது வகை வரும். உங்களுடையது முதல் வகை.

சரி, வேலைக்கு வருவோம். கார்ப்பை வண்டியிலிருந்து முழுதாகக் கழற்றுங்கள். வண்டியில் வைத்துக்கொண்டே திருகிப் பார்ப்பதால்தான் முக்கால்வாசிக் காடிகள் போகின்றன, திருப்புளி நேராக நிற்காது. ஸ்லைடு, நீடில், ஃப்ளோட், ஜெட்டுகள், ரப்பர், பிளாஸ்டிக் எல்லாம் வெளியே வர வேண்டும். பவுல் ஸ்க்ரூக்கள் நான்கு மூலைக் காடி உள்ளவை. அவை ஜப்பானிய அளவு. சாதாரண ஸ்டார் திருப்புளியின் முனை முழுதாக உள்ளே இறங்காமல் வழுக்கி மேலே வரும். ஜப்பானிய முனை உள்ள திருப்புளி கிடைத்தால் வாங்கிவிடுங்கள். பழைய யமஹா வைத்திருப்பவருக்கு அது வாழ்நாள் முழுக்கப் பயன்படும். பிறகு பாடியைக் காற்றடித்து, வெயிலில் வைத்துப் பெட்ரோல் வாடையே இல்லாமல் காயவிடுங்கள். அடுத்து சூடு காட்டப் போகிறோம். துளி பெட்ரோல் கூட உள்ளே இருக்கக் கூடாது.

அடுத்தது எண்ணெய். டபிள்யூடி 40 பரவாயில்லை. ஆட்டோமேட்டிக் கியருக்கும் பவர் ஸ்டீயரிங்குக்கும் ஊற்றும் ஏடிஎஃப் எண்ணெயும் அசிட்டோனும் சம அளவு கலந்தால் அதைவிட நன்றாக ஊடுருவும் என்பது என் அனுபவம். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், பெயின்டையும் ரப்பரையும் கெடுக்கும். அதனால் திறந்த இடத்தில் வைத்துச் செய்யுங்கள். இரண்டும் இல்லை என்றால் டீசல் போதும், நாள் கூடுதலாகும், அவ்வளவுதான். தேங்காய் எண்ணெய் வேண்டாம். மலையில் அந்தப் பழக்கம் இருக்கிறது. 24 டிகிரிக்குக் கீழே போனால் அது உறையத் தொடங்கிவிடும், மரைக்குள் எங்கே இறங்கும்? புளி, எலுமிச்சை, வினிகர் எதுவும் வேண்டாம். பித்தளைப் பாத்திரம் துலக்குகிற புளி இந்தப் பித்தளையையும் பளபளப்பாக்கும், ஆனால் பக்கத்திலிருக்கும் துத்தநாகத்தை அந்தப் புளிப்பு தின்றுவிடும். காஸ்டிக் சோடா இன்னும் மோசம்.

எண்ணெயை ஸ்க்ரூவின் தலைப்பக்கம் மட்டும் விட்டால் பாதி வேலைதான். கார்ப்பின் ஏர் ஃபில்டர் பக்க வாயில், அடி ஓரத்தில் ஒரு சிறு துவாரம் இருக்கும். ஸ்லோ ஜெட்டுக்குக் காற்று போகும் வழி அது. ஏர் ஸ்க்ரூவின் கூர்முனை அந்தப் பாதையில்தான் நிற்கிறது. அந்தத் துவாரத்தில் சொட்டுச் சொட்டாக விட்டு, ஸ்க்ரூ தலை கீழே பார்க்கும்படி பாடியைச் சாய்த்து வைத்தால், எண்ணெய் பின்னாலிருந்தும் மரைக்கு இறங்கும். ஒரு ராத்திரி அப்படியே இருக்கட்டும்.

மறுநாள் சூடு. இதில்தான் சூட்சுமம் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சூடேறினால் துத்தநாகமும் அலுமினியமும் பித்தளையைவிட அதிகம் விரியும். 6 மில்லிமீட்டர் துவாரத்தை 100 டிகிரி சூடேற்றினால், துத்தநாகப் பாடி பித்தளை ஸ்க்ரூவைவிட 5 மைக்ரான் அளவு கூடுதலாக விரியும். ஒரு தலைமுடியின் பருமனில் பத்தில் ஒரு பங்கு கூட இருக்காது. ஆனால் வெள்ளைப் பொடியின் பிடியில் விரிசல் விழ அது போதும். ஆறும்போது பாடி திரும்ப நெருக்கும், பொடி இன்னும் கொஞ்சம் நொறுங்கும். அந்த விரிசலில் எண்ணெய் இறங்கும். ஒரே ஒரு முறை பெரிய சூடு காட்டுவதைவிட, அளவான சூட்டைப் பல முறை ஏற்றி இறக்குவதுதான் பலன் தரும்.

அதற்கு அடுப்பும் ஒரு பழைய பாத்திரமும் போதும். சமையலுக்குத் திரும்பப் போகாத பாத்திரமாக இருக்கட்டும். முந்தின நாள் விட்ட எண்ணெயைத் துணியால் துடைத்து, அசிட்டோன் வாடை போகக் காயவிட்டு, பாடியைத் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவிடுங்கள். இடுக்கியால் எடுத்து, தண்ணீரை உதறி, கையுறையோடு ஒரு மரப்பலகையில் வைத்து, திருப்புளியை அழுத்திப் பிடித்து ஒரு முறை மட்டும் முயற்சி செய்யுங்கள். அசையவில்லையா, நிறுத்திவிடுங்கள். அடுப்பிலிருந்து தள்ளி வந்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே எண்ணெய் விடுங்கள். ஆறும்போது அது உள்ளே இழுக்கப்படும். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என மூன்று நாள் செய்யுங்கள். மூன்றாம் நாள் கிரீச்சென்று ஒரு சத்தத்தோடு அசைகிற அந்த நொடிக்காக நான் எத்தனையோ ராத்திரி காத்திருந்திருக்கிறேன்.

கொதிநீர் போதவில்லை என்றால் ஹாட் ஏர் கன். தண்ணீர்ச் சொட்டு பட்டால் சுரீரென்று ஆவியாகும் சூடு போதும். கேஸ் வெல்டிங் சுடரையோ புளோ லாம்ப்பையோ மட்டும் காட்டாதீர்கள். துத்தநாகக் கலவை 400 டிகிரிக்குள்ளாகவே உருகிவிடும், அதற்கு வெகு முன்பே வலுவிழந்து வளைந்துவிடும். சுடர் அதைவிடப் பல மடங்கு சூடு. காது உருகிப்போய்ச் சாய்ந்த கார்ப்புகளைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு வழி, சால்டரிங் அயர்னின் முனையை ஸ்க்ரூ தலையில் ஐந்து நிமிடம் அழுத்திப் பிடிப்பது. இதில் ஸ்க்ரூ முதலில் விரிந்து பொடியை நசுக்கும், ஆறியதும் சுருங்கி விலகும். அயர்ன் வைக்கும் முன் எண்ணெயைத் துடைத்துவிட வேண்டும்.

திருப்புளி பற்றிக் கொஞ்சம். கடையில் வாங்கும் தட்டைத் திருப்புளி நுனியில் ஆப்பு போலச் சரிந்திருக்கும். திருகும்போது அந்தச் சரிவே அதைக் காடியிலிருந்து மேலே தள்ளும், காடியின் உதடு உடையும். பழைய திருப்புளி ஒன்றை எடுத்து, நுனியின் இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும்படி அரைத்துக்கொள்ளுங்கள். காடியின் அகலமும் நீளமும் முழுக்க நிரம்ப வேண்டும், ஆட்டினால் ஆடக் கூடாது. அரைக்கும்போது நுனி நீலம் பாயாமல் அடிக்கடி தண்ணீரில் முக்குங்கள்.

உங்கள் காடியில் பாதி போனது பற்றி. இதற்கு முன் முயன்றவர் கழற்றும் பக்கமாகத்தான் திருகியிருப்பார். அதனால் அந்தப் பக்கத்து விளிம்புகள்தான் மழுங்கியிருக்கும். இறுக்கும் பக்கத்து விளிம்புகள் பெரும்பாலும் கூராகவே இருக்கும். சூடு காட்டியபின் முதலில் இறுக்கும் பக்கம் மயிரிழை அளவு திருப்பிப் பாருங்கள். பிடி விட்டுவிட்டால் பிறகு கழற்றும் பக்கம் சுலபமாக வரும். ஆனால் ஸ்க்ரூ ஏற்கெனவே கடைசிவரை உள்ளே இறங்கி நின்றால் இதைச் செய்யக் கூடாது, கூர்முனை உடைந்து பாதையிலேயே தங்கிவிடும். தலைக்கு அடியில் ஸ்பிரிங் சுருள்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் இன்னும் உள்ளே போக இடமிருக்கிறது. சுருள்கள் ஒட்டிக் கிடந்தால் வேண்டாம்.

திருப்புளியைக் காடியில் நிறுத்தி, அதன் தலையில் சின்னச் சுத்தியலால் ‘டொக் டொக்’ என்று தட்டிக்கொடுப்பதும் உதவும். பாடிக்கு அடியில் மடித்த சாக்கு வையுங்கள், வைஸில் கடிக்கவிடாதீர்கள். காடி முழுக்கப் போய்விட்டது, ஆனால் தலை வெளியே நீட்டி நிற்கிறது என்றால், மெல்லிய ஹாக்சா பிளேடால் புதுக் காடி போடலாம். கொறடால் தலையைப் பிடித்து முறுக்குவது ஆகவே ஆகாது. கழுத்து ஒடிந்தால் வேலை நேராக டிரில்லிங்குக்குப் போய்விடும்.

இவ்வளவும் செய்து வரவில்லை என்றால்தான் டிரில். இங்கே நான் செய்த ஒரு தவறைச் சொல்ல வேண்டும். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பழைய புல்லட்டின் கார்ப்பில் இதே போல் இறுகிய ஸ்க்ரூவில் ஓட்டை போட்டு, உடைந்த ஸ்க்ரூவைக் கவ்வி எடுக்கும் எதிர்மரைக் கருவியான ஈசி அவுட்டைத் திருகினேன். மெல்லிய பித்தளை ஸ்க்ரூவில் ஈசி அவுட் ஆப்பு போல இறங்கி, அதை விரித்து, மரையில் இன்னும் இறுக்கிவிடும். அது அப்போது எனக்குத் தெரியாது. நான் அழுத்தம் கூட்ட, ஈசி அவுட் உள்ளேயே ஒடிந்தது. அது கடினமாக்கிய எஃகு, சாதாரண டிரில் பிட் அதைத் தொடாது. கோயம்புத்தூரில், மின்பொறியால் உலோகத்தை அரித்தெடுக்கும் ஸ்பார்க் மெஷின் வைத்திருப்பவர்களிடம் கொடுத்தால் எடுத்திருக்கலாம். அதுவும் அப்போது தெரியவில்லை. அந்த வண்டிக்காரர் அதே அளவில் இன்னொரு பாடி தேடி அலைய நான் காரணமாகிவிட்டேன். அன்றிலிருந்து இந்தச் சின்ன ஸ்க்ரூக்களில் ஈசி அவுட்டைப் பயன்படுத்துவதே இல்லை.

கைடிரில்லும் வேண்டாம். லேத் பட்டறையில் நிலையான டிரில்லிங் மெஷினில் செய்யச் சொல்லுங்கள். ஸ்க்ரூ உட்காரும் குழிக்குள் சரியாக இறங்கும்படி ஒரு புஷ் (சிறு உலோக உருளை) கடைந்து, அதன் நடுவில் 2 மில்லிமீட்டர் துவாரம் போட்டால், பிட் விலகாமல் ஸ்க்ரூவின் நட்டநடுவில் இறங்கும். இடதுபக்கம் வெட்டும் பிட் கிடைத்தால் அதைவிட நல்லது கிடையாது. மெஷினை எதிர்த்திசையில் ஓட்டினால், பிட் பித்தளையைக் கவ்வுகிற கவ்வலிலேயே ஸ்க்ரூ பல நேரம் சுழன்று வெளியே வந்துவிடும். ஆழம் ரொம்ப முக்கியம். புது ஸ்க்ரூவின் நீளத்தைப் பார்த்து, கூர்முனை தொடங்கும் இடத்துக்கு முன்பே நிற்கும்படி பிட்டில் டேப் சுற்றிக் குறி வையுங்கள். அதைத் தாண்டினால் கூர்முனை உட்காரும் இடத்தில் ஓட்டை விழும், பிறகு பாடி எதற்கும் ஆகாது. 2 மில்லிமீட்டரில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டி, மரையைத் தொடும் முன் நிறுத்துங்கள். மிச்சமிருக்கும் மெல்லிய பித்தளைத் தோலைக் கூரான ஊசியால் உள்பக்கமாக மடக்கி உரித்துவிடலாம்.

வெளியே வந்ததும் பழைய ஸ்க்ரூவின் முனையைப் பாருங்கள். கூராக, வழவழப்பாக இருக்க வேண்டும். வளையம் போல் தடம் விழுந்திருந்தால் யாரோ முன்பு அழுத்தி இறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். முனை ஒடிந்திருந்தால் துண்டு உள்ளே இருக்கிறது. ஸ்லோ ஜெட்டின் பக்கத்திலிருந்து காற்றடித்தோ, வளையும் மெல்லிய கம்பியால் தள்ளியோ எடுங்கள். பிறகு கார்ப் கிளீனர் அடித்தால் ஏர் ஃபில்டர் பக்கத் துவாரம் வழியாகவும், ஸ்லைடுக்கு அடியிலுள்ள சிறு துவாரங்கள் வழியாகவும் பீய்ச்ச வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், எங்கிருந்து தெறிக்கும் என்று சொல்ல முடியாது.

மரையைச் சுத்தம் செய்யக் கையில் கிடைத்த 6 எம்எம் டேப்பை (மரை வெட்டும் கருவியை) விடாதீர்கள். இந்த ஸ்க்ரூக்கள் பலவற்றில் மரை நெருக்கமாக இருக்கும், சாதாரண டேப் அதை அறுத்துவிடும். அதே மரை உள்ள ஒரு பழைய ஏர் ஸ்க்ரூவில் நீளவாக்கில் அரத்தால் ஒரு வெட்டுப் போட்டு, எண்ணெய் தடவி, உள்ளே வெளியே திருகினால் அழுக்கெல்லாம் அந்த வெட்டில் வந்து சேரும்.

புது ஸ்க்ரூ வாங்கப் பழையதையும் எடுத்துப் போங்கள். மரை, நீளம், கூர்முனையின் சரிவு மூன்றும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்றாக இருக்க வேண்டும். முனை கொஞ்சம் மொத்தையாக இருந்தாலும் அரைச் சுற்றுக்கு நடக்க வேண்டியது கால் சுற்றில் நடக்கும், டியூனிங் பிடிபடாது. ஸ்பிரிங்கையும் மாற்றிவிடுங்கள், அது தளர்ந்தால் ஸ்க்ரூ அதிர்வில் தானாகச் சுழலும். பழையதில் ஓரிங் (ரப்பர் வளையம்) இருந்திருந்தால் அது குழியின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும், வளைத்த ஊசியால் எடுங்கள். புது ஓரிங் விட்டானாகக் கேளுங்கள். சாதாரண நைட்ரைல் ரப்பரைவிட எத்தனால் பெட்ரோலை அது நன்றாகத் தாங்கும்.

மாட்டும்போது மரையில் மட்டும் துளி சிலிக்கான் கிரீஸ், முனையில் படக் கூடாது. திருப்புளியின் பிடியைக் கை நிறையப் பிடிக்காமல், கம்பியை இரண்டு விரலால் உருட்டி இறக்குங்கள். லேசாகத் தொட்டதும் நிறுத்தி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுங்கள். வண்டியைப் பத்து நிமிடம் ஓட்டி இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஐடிலிங்கைச் சற்று உயர்த்தி வைத்து, ஏர் ஸ்க்ரூவைக் கால் சுற்றாக உள்ளேயும் வெளியேயும் திருப்பிப் பாருங்கள். இரண்டு பக்கமும் சத்தம் தடுமாறும், நடுவில் ஒரு இடத்தில் இன்ஜின் வேகமாகவும் சீராகவும் ஓடும். அங்கே நிறுத்தி, ஐடிலிங் ஸ்க்ரூவால் வேகத்தைக் குறையுங்கள். மூன்று சுற்றுக்கு மேல் வெளியே எடுத்தால்தான் சரியாக இருக்கிறது, அல்லது முழுக்க உள்ளே போனால்தான் ஓடுகிறது என்றால் குறை ஸ்க்ரூவில் இல்லை. முதல் நிலைக்கு ஸ்லோ ஜெட் அளவைப் பாருங்கள். இரண்டாவதற்கு அடைப்பையும், இன்ஜினுக்கும் கார்ப்புக்கும் நடுவிலுள்ள ரப்பரில் வெடிப்பு விழுந்து காற்று இழுக்கிறதா என்பதையும் பாருங்கள்.

கம்பத்தில் செட் செய்துகொண்டு வண்டன்மேட்டுக்கு ஏறினால் அங்கே கொஞ்சம் பெட்ரோல் கூடுதலாகத் தெரியும். 300 மீட்டர் ஏறினால் காற்று சுமார் 3 சதவீதம் மெலிந்துவிடும். மேலேயே தங்கி ஓட்டுவதானால் கால் சுற்று வெளியே எடுத்துக்கொள்ளுங்கள், கீழே வந்ததும் மறக்காமல் பழைய இடத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலே வைத்த செட்டிங்கோடு கீழே ஓட்டினால் பெட்ரோல் குறைந்து இன்ஜின் சூடேறும். டூ ஸ்ட்ரோக்கில் ஆக்சிலேட்டரை மூடினால் உள்ளே போகும் ஆயிலும் குறையும். அதனால் கம்பமெட்டு இறக்கத்தில் ஆக்சிலேட்டரை ஒரேயடியாக மூடி வைத்து இறங்காமல், இரண்டு வளைவுக்கு ஒரு முறை கிளட்சைப் பிடித்து லேசாக ரேஸ் கொடுங்கள். இரண்டு ஊருக்குமான சுற்று எண்ணிக்கையை ஒரு காகிதத்தில் எழுதி வண்டியின் சீட்டுக்கு அடியில் ஒட்டிவிடுங்கள். மே மாதக் கடைசியில், இடவப்பாதி மழை தொடங்கும் முன், அந்த ஸ்க்ரூவை ஒரு முறை முழுக்க வெளியே எடுத்துத் துடைத்து, கிரீஸ் வைத்து, அதே எண்ணிக்கையில் திரும்ப மாட்டுங்கள்.